எஸ்.எஸ்.ஐ.எஸ் பேக்கேஜின் கான்ஃபிகரேஷனை நிரல் வழியாகப் படிப்பதும் சோதிப்பதும்: முழுமையான வழிகாட்டி

எஸ்.எஸ்.ஐ.எஸ் என்பது எஸ்.க்யூ.எல் சர்வருடன் வரும், டேட்டாவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும் கருவி. அதில் அமைக்கும் ஒரு வேலைதான் பேக்கேஜ்; சர்வர் பெயர், ஃபோல்டர் பாதை போன்ற மதிப்புகளை அதற்கு வெளியிலிருந்து தருவது கான்ஃபிகரேஷன். ஒரு பேக்கேஜ் தேடும் கான்ஃபிகரேஷன் கோப்பு அது தேடும் இடத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பேக்கேஜ் நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். நிற்காது. லோட் ஆகும்போது ஒரு எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். அப்புறம் டெவலப்பர் தன் கணினியில் டிசைன் செய்தபோது பேக்கேஜுக்குள் பதிந்த பழைய மதிப்புகளை வைத்துக்கொண்டு அது ஓடத் தொடங்கிவிடும். டெஸ்ட் சர்வரில் எழுத வேண்டியது ப்ரொடக்‌ஷனில் எழுதும், அல்லது நேர் எதிராக நடக்கும். எஸ்.க்யூ.எல் ஏஜென்டின் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் சர்வீஸ்) ஜாப் ஹிஸ்டரியில் பச்சை டிக்தான் இருக்கும்.

அதனால்தான் கான்ஃபிகரேஷனை நிரல் வழியாகப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. பேக்கேஜ் எங்கே தேடச் சொல்கிறது, அங்கே ஏதாவது இருக்கிறதா, கடைசியில் எந்த மதிப்பு வந்து உட்கார்ந்தது என்ற மூன்றையும் இயக்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம். சர்வர் மாற்றும் சமயத்தில் நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களை விஷுவல் ஸ்டுடியோவில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் வேலையும் இதனால் மிச்சமாகும்.

இதில் வரும் கிளாஸ், ப்ராப்பர்ட்டி பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். எடிட்டரில் பெயருக்குப் பின் ஒரு புள்ளி வைத்தால் முழுப் பட்டியலும் வந்துவிடும், குழம்ப வழியில்லை.

முதலில்: உங்களிடம் இருப்பது எந்த மாடல்?

எஸ்.க்யூ.எல் சர்வர் 2005-இல் பழைய டி.டி.எஸ்ஸுக்குப் பதிலாக எஸ்.எஸ்.ஐ.எஸ் வந்தது. அப்போதிருந்து உள்ள முறைதான் பேக்கேஜ் கான்ஃபிகரேஷன். 2012-இல் ப்ராஜெக்ட் டிப்ளாய்மென்ட் மாடல் வந்து, பாராமீட்டர், என்விரான்மென்ட், எஸ்.எஸ்.ஐ.எஸ்.டி.பி கேட்டலாக் (ப்ராஜெக்ட்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ்) என்று வேறு வழி பிறந்தது. பழைய முறை இன்னும் இருக்கிறது. பேக்கேஜ் டிப்ளாய்மென்ட் மாடல் என்ற பெயரில் புதிய பதிப்புகளிலும் ஓடுகிறது. இரண்டுக்கும் எழுத வேண்டிய நிரல் முற்றிலும் வேறு. ப்ராஜெக்ட் மாடலில் உள்ள பேக்கேஜில் போய் கான்ஃபிகரேஷன் பட்டியலைக் கேட்டால் காலியாகத்தான் வரும். அதைப் பார்த்து எதுவும் அமைக்கப்படவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

கண்டுபிடிப்பது எளிது. ஐ.எஸ்.பேக் கோப்பாக (முழு ப்ராஜெக்டையும் அடக்கிய ஒரே கோப்பு) மொத்தமாக டிப்ளாய் ஆகியிருந்தால் புதிய மாடல். தனித்தனி டி.டி.எஸ்.எக்ஸ் கோப்புகளாக (ஒவ்வொன்றும் ஒரு பேக்கேஜ்) டிஸ்கிலோ, எஸ்.க்யூ.எல் சர்வரின் சொந்த டேட்டாபேஸான எம்.எஸ்.டி.பி-யிலோ இருந்தால் பழையது. பழையதை விரிவாகப் பார்ப்போம், சிக்கல் எல்லாம் அங்கேதான்.

நிரலுக்கு வேண்டியவை

மைக்ரோசாஃப்ட்.எஸ்க்யூஎல்சர்வர்.மேனேஜ்டுடிடிஎஸ் என்ற டி.எல்.எல்-ஐ ரெஃபரன்ஸாகச் சேர்க்க வேண்டும். வேண்டிய கிளாஸ்கள் எல்லாம் மைக்ரோசாஃப்ட்.எஸ்க்யூஎல்சர்வர்.டிடிஎஸ்.ரன்டைம் என்ற நேம்ஸ்பேஸில் இருக்கின்றன. எஸ்.எஸ்.ஐ.எஸ் நிறுவிய கணினியில் இந்த டி.எல்.எல் இருக்கும், அதை மட்டும் தனியாகக் காப்பி செய்து வேறு கணினிக்குக் கொண்டுபோனால் பயனில்லை, அடியில் அது அழைக்கும் ரன்டைமும் வேண்டும்.

பதிப்பு எண்ணைக் கவனியுங்கள். 2005-க்கு 9, 2008-க்கு 10, 2012-க்கு 11, 2014-க்கு 12, 2016-க்கு 13, 2017-க்கு 14, 2019-க்கு 15. புதிய பதிப்பின் டி.எல்.எல் பழைய பேக்கேஜை லோட் செய்துவிடும், நினைவகத்திலேயே மேம்படுத்திக்கொள்ளும். தலைகீழாக முடியாது: 2012-க்கான டி.எல்.எல்-ஐ வைத்து 2016 பேக்கேஜைத் திறக்கப் பார்த்தால் பிழைதான் வரும். ஒரே கணினியில் இரண்டு மூன்று பதிப்புகள் இருந்தால் எது லோட் ஆகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த டி.எல்.எல் டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கில்தான் ஓடும், டாட்நெட் கோரில் அல்ல. ஆகவே சி ஷார்ப்பில் எழுதினால் ஃப்ரேம்வொர்க் கன்சோல் ப்ராஜெக்ட் எடுங்கள். பவர்ஷெல் என்றால் விண்டோஸுடன் வரும் 5.1 போதும், ஏழாம் பதிப்பில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒருமுறை ஓட்டிப் பட்டியல் எடுக்க மட்டும் என்றால் நான் பவர்ஷெல்லையே எடுப்பேன்.

பேக்கேஜை லோட் செய்வது

அப்ளிகேஷன் என்ற கிளாஸிலிருந்து ஒரு பொருளை உருவாக்கி, அதன் லோட்பேக்கேஜ் மெத்தடுக்கு டி.டி.எஸ்.எக்ஸ் கோப்பின் பாதையைக் கொடுத்தால் பேக்கேஜ் என்ற பொருள் திரும்பி வரும். எம்.எஸ்.டி.பி-யில் இருக்கும் பேக்கேஜுக்கு லோட்ஃப்ரம்எஸ்க்யூஎல்சர்வர் இருக்கிறது. பேக்கேஜுக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தால் லோட் செய்வதற்கு முன்பே அப்ளிகேஷன் பொருளின் பேக்கேஜ்பாஸ்வேர்டு ப்ராப்பர்ட்டியில் அதை வைத்துவிட வேண்டும்.

லோட்பேக்கேஜின் இரண்டாவது ஆர்க்யுமென்ட்டில் பெரும்பாலான மாதிரி நிரல்கள் நல் என்று எழுதி நகர்ந்துவிடும். இங்கே அப்படிச் செய்யாதீர்கள். அது நிகழ்வுகளைக் கேட்கும் பொருளுக்கான இடம். கான்ஃபிகரேஷன் கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கை லோட் ஆகும் அந்த நொடியில்தான் எழும். கேட்க ஆள் இல்லாவிட்டால் காற்றில் போய்விடும். டிஃபால்ட்ஈவென்ட்ஸ் என்ற கிளாஸிலிருந்து ஒரு சிறிய கிளாஸை வருவித்து, அதன் ஆன்வார்னிங், ஆன்எரர் இரண்டையும் ஓவர்ரைடு செய்து, வரும் செய்திகளை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து வரி வேலை.

இன்னொன்று: கான்ஃபிகரேஷன் மதிப்புகள் லோட் ஆகும்போதே பேக்கேஜுக்குள் ஏற்றப்பட்டுவிடுகின்றன. லோட் செய்த பின் கான்ஃபிகரேஷன் கோப்பைத் திருத்தினால் கையில் இருக்கும் பொருளுக்கு அது தெரியாது, மறுபடி லோட் செய்ய வேண்டும். இதற்கு ஒரே விலக்கு, தாய் பேக்கேஜின் (இந்தப் பேக்கேஜை அழைத்து ஓட்டும் பேக்கேஜ்) வேரியபிளிலிருந்து மதிப்பை எடுக்கும் வகை. அது ஓடும் நேரத்தில்தான் ஏறும்.

பட்டியலைப் படிப்பது

இப்போது பேக்கேஜ் பொருளிடம் முதலில் கேட்க வேண்டியது எனேபிள்கான்ஃபிகரேஷன்ஸ். இது ஃபால்ஸ் என்றால் பட்டியலில் எத்தனை இருந்தாலும் எதுவும் பயன்படாது. அடுத்து சப்ரெஸ்கான்ஃபிகரேஷன்வார்னிங்ஸ். இது ட்ரூ என்று இருந்தால் யாரோ எச்சரிக்கைகளின் வாயைக் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட பேக்கேஜ்களை அறிக்கையில் தனியாகக் குறித்துவிடுவேன், சந்தேகப்பட வேண்டிய முதல் ஆட்கள் அவைதான்.

அப்புறம் கான்ஃபிகரேஷன்ஸ் என்ற தொகுப்பில் சுற்றி வர வேண்டும். நிரலின் எலும்புக்கூடு இப்படி (எச்சரிக்கைசேகரிப்பான் என்பது மேலே வருவித்த அந்தச் சிறிய கிளாஸ்):

செயலி = புதிய அப்ளிகேஷன்
கேட்பவர் = புதிய எச்சரிக்கைசேகரிப்பான்
பேக்கேஜ் = செயலி.லோட்பேக்கேஜ்(பாதை, கேட்பவர்)
பேக்கேஜ்.கான்ஃபிகரேஷன்ஸ்-இல் உள்ள ஒவ்வொரு க-வுக்கும்:
    எழுது க.நேம், க.கான்ஃபிகரேஷன்டைப், க.கான்ஃபிகரேஷன்ஸ்ட்ரிங், க.பேக்கேஜ்பாத்
எழுது கேட்பவர்.செய்திகள்

நேம் என்பது விஸார்டில் (கான்ஃபிகரேஷனை உருவாக்க உதவும் திரை) கொடுத்த பெயர், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மற்ற மூன்றும்தான் விஷயம், அவற்றைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும், ஏனென்றால் டைப் மாறும்போது ஸ்ட்ரிங்கின் பொருளே மாறிவிடுகிறது.

டைப் கான்ஃபிக்ஃபைல் என்றால் ஸ்ட்ரிங்கில் இருப்பது எக்ஸ்.எம்.எல் கோப்பின் பாதை, அதாவது டி.டி.எஸ்.கான்ஃபிக் என்று முடியும் கோப்பு. என்வேரியபிள் என்றால் விண்டோஸ் என்விரான்மென்ட் வேரியபிளின் பெயர். பேரன்ட்வேரியபிள் என்றால் தாய் பேக்கேஜில் உள்ள வேரியபிளின் பெயர். ரெக்என்ட்ரி என்றால் ரெஜிஸ்ட்ரி கீ. இது கரன்ட் யூசர் பகுதியில் தேடும் என்பதால் டெவலப்பரின் கணக்கில் கிடைத்து ஏஜென்ட் கணக்கில் கிடைக்காமல் போவது வாடிக்கை.

எஸ்க்யூஎல்சர்வர் என்ற டைப்பில் ஸ்ட்ரிங் கொஞ்சம் நீளம். மேற்கோள் குறிக்குள் மூன்று துண்டுகள், நடுவே அரைப்புள்ளி: கனெக்‌ஷன் மேனேஜரின் (டேட்டாபேஸ் போன்றவற்றோடு இணைக்கும் விவரங்களை வைத்திருப்பது) பெயர், டேபிளின் பெயர், ஃபில்டர் (டேபிளில் எந்த வரிகள் வேண்டும் என்று சொல்லும் சொல்). இதை அரைப்புள்ளியில் வெட்டி மேற்கோள் குறிகளை நீக்கினால் போதும். டேபிளுக்கு விஸார்ட் தரும் பெயர் எஸ்.எஸ்.ஐ.எஸ் கான்ஃபிகரேஷன்ஸ், நடுவே ஓர் இடைவெளியுடன். அதில் கான்ஃபிகரேஷன்ஃபில்டர், கான்ஃபிகர்டுவேல்யூ, பேக்கேஜ்பாத், கான்ஃபிகர்டுவேல்யூடைப் என்று நான்கு காலம்கள். மதிப்புக்கான காலத்தின் அளவு 255 எழுத்துதான். நீளமான கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்குக்கு அது போதாது; டேபிள் உருவாக்கும்போதே அந்த அளவைக் கூட்டிவிடுவது நல்லது.

இவை தவிர ஐ என்ற எழுத்தில் தொடங்கும் வகைகள் இருக்கின்றன: ஐகான்ஃபிக்ஃபைல், ஐரெக்என்ட்ரி, ஐபேரன்ட்வேரியபிள், ஐஎஸ்க்யூஎல்சர்வர். இவை மறைமுக வகைகள். ஸ்ட்ரிங்கில் இருப்பது கோப்பின் பாதை அல்ல. பாதையை வைத்திருக்கும் என்விரான்மென்ட் வேரியபிளின் பெயர். ஆகவே நிரல் இரண்டு அடி எடுத்து வைக்க வேண்டும்: முதலில் அந்த வேரியபிளின் மதிப்பை எடுத்து, அப்புறம் அந்த மதிப்பை நேரடி வகையைப் போலவே கையாள வேண்டும். இதை மறந்துவிட்டு ஸ்ட்ரிங்கையே கோப்புப் பாதையாக நினைத்துச் சோதித்தால், சரியாக இருக்கும் பேக்கேஜ்களையும் கோப்பு இல்லை என்று அறிக்கை சொல்லும்.

என்விரான்மென்ட் வேரியபிளைச் சோதிக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு ப்ராசஸ் தொடங்கும்போது இருந்த மதிப்புகளைத்தான் அது கடைசிவரை பார்க்கும். நீங்கள் புதிதாக வேரியபிளைச் சேர்த்துவிட்டு, புதிய பவர்ஷெல் ஜன்னலில் சோதித்தால் எல்லாம் சரி என்று வரும். இரவு ஜாப் பழைய மதிப்புடனேயே ஓடும், ஏனென்றால் எஸ்.க்யூ.எல் ஏஜென்ட் சர்வீஸ் மறுதொடக்கம் ஆகவில்லை. அதனால் சோதனை நிரலையும் ஏஜென்ட் ஜாபின் ஒரு ஸ்டெப்பாக, அதே கணக்கில் ஓட்டிப் பாருங்கள்.

பேக்கேஜ்பாத் எதைச் சொல்கிறது

ஒரே ஒரு மதிப்பை மட்டும் தரக்கூடிய வகைகளில் (என்விரான்மென்ட் வேரியபிள், ரெஜிஸ்ட்ரி, தாய் வேரியபிள்) பேக்கேஜ்பாத்தில் அந்த மதிப்பு போய்ச் சேரும் இடம் இருக்கும். அதன் வடிவம்:

\பேக்கேஜ்.வேரியபிள்ஸ்[யூசர்::உள்ளீட்டுஃபோல்டர்].ப்ராப்பர்ட்டீஸ்[வேல்யூ]

கனெக்‌ஷன் என்றால்:

\பேக்கேஜ்.கனெக்‌ஷன்ஸ்[கிடங்கு].ப்ராப்பர்ட்டீஸ்[கனெக்‌ஷன்ஸ்ட்ரிங்]

எக்ஸ்.எம்.எல் கோப்பு, எஸ்.க்யூ.எல் டேபிள் ஆகிய இரண்டும் பல மதிப்புகளைத் தாங்கும் என்பதால் பாதைகள் அங்கேயே இருக்கும், பேக்கேஜ்பாத் காலியாக வரும். காலியாக வந்தால் பிழை என்று எண்ண வேண்டாம். எக்ஸ்.எம்.எல் கோப்பைத் திறந்து ஒவ்வொரு கான்ஃபிகரேஷன் எலிமென்ட்டின் பாத் அட்ரிபியூட்டையும், உள்ளே உள்ள கான்ஃபிகர்டுவேல்யூவையும் படித்தால் முழுப் படமும் கிடைக்கும்.

இந்தப் பாதையை வைத்து ஒரு நல்ல சோதனை செய்யலாம். பாதையில் வரும் வேரியபிள் அல்லது கனெக்‌ஷன் பெயர் பேக்கேஜில் உண்மையிலேயே இருக்கிறதா? வேரியபிள்ஸ், கனெக்‌ஷன்ஸ் இரண்டு தொகுப்பிலும் கன்டெய்ன்ஸ் மெத்தட் இருக்கிறது, அதைக் கேட்டால் போதும். யாரோ கனெக்‌ஷன் மேனேஜரின் பெயரை மாற்றிவிட்டு கான்ஃபிகரேஷன் கோப்பைத் தொடாமல் விட்டிருந்தால் இங்கே சிக்கிவிடும். மற்றபடி இதுவும் வெறும் எச்சரிக்கையாகவே கடந்துபோகக் கூடியதுதான்.

கடைசி மதிப்பை ஒப்பிடுவது

லோட் ஆன பேக்கேஜில் வேரியபிளின் வேல்யூவும் கனெக்‌ஷனின் கனெக்‌ஷன்ஸ்ட்ரிங்கும் கான்ஃபிகரேஷன் ஏறிய பிந்தைய நிலையைக் காட்டும். டிசைன் நேர மதிப்பு வேண்டும் என்றால் டி.டி.எஸ்.எக்ஸ் கோப்பையே எக்ஸ்.எம்.எல் ஆகத் திறந்து படிக்க வேண்டும், அது வெறும் எக்ஸ்.எம்.எல்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ப்ரொடக்‌ஷன் சர்வரில் இரண்டும் ஒன்றாகவே இருந்தால், கான்ஃபிகரேஷன் ஏறவில்லை என்றோ, ப்ரொடக்‌ஷன் மதிப்பை வைத்தே யாரோ டிசைன் செய்திருக்கிறார் என்றோ அர்த்தம். இரண்டுமே தெரிந்துகொள்ள வேண்டியவை.

கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கை அப்படியே அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். சர்வர் பெயர், டேட்டாபேஸ் பெயர் இரண்டை மட்டும் பிரித்தெடுங்கள். பாஸ்வேர்டு உள்ள சிஎஸ்வி கோப்பு மெயிலில் சுற்றுவதைப் போன்ற தலைவலி வேறில்லை. விஸார்ட் உருவாக்கும் கான்ஃபிகரேஷன் கோப்பில் பாஸ்வேர்டு சேராது, கையால்தான் சேர்க்க வேண்டும். எனவே ஓடிக்கொண்டிருக்கும் கோப்பில் அது வெறும் எழுத்தாகவே கிடக்க வாய்ப்பு அதிகம்.

வரிசையும் முக்கியம். தொகுப்பில் உள்ள வரிசையிலேயே கான்ஃபிகரேஷன்கள் ஏறும். ஒரே ப்ராப்பர்ட்டிக்கு இரண்டு பேர் மதிப்பு கொடுத்தால் பின்னால் வருபவர் வெல்வார். பல நிறுவனங்களில் பார்க்கும் அமைப்பு இது: முதலில் ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் கான்ஃபிகரேஷன் டேட்டாபேஸின் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கைத் தரும், அடுத்து வரும் எஸ்.க்யூ.எல் வகைகள் அந்தக் கனெக்‌ஷன் வழியாக டேபிளைப் படிக்கும். வரிசை மாறிவிட்டால் டேபிளைப் படிக்கும்போது கனெக்‌ஷன் டெவலப்பர் சர்வரைக் காட்டிக்கொண்டிருக்கும். எஸ்க்யூஎல்சர்வர் வகை ஒவ்வொன்றுக்கும், அது சொல்லும் கனெக்‌ஷன் மேனேஜரை அமைக்கும் கான்ஃபிகரேஷன் அதற்கு முன்னால் இருக்கிறதா என்று நிரலில் ஒரு நிபந்தனை வையுங்கள்.

ஸ்கிரிப்ட் டாஸ்க்குக்குள்ளிருந்து

ஓடும் பேக்கேஜ் தன் கான்ஃபிகரேஷன்களைத் தானே பார்க்க முடியுமா? நேரடியாக முடியாது. ஸ்கிரிப்ட் டாஸ்க்கில் கிடைக்கும் டிடிஎஸ் பொருள் வேரியபிள்ஸ், கனெக்‌ஷன்ஸ், ஈவென்ட்ஸ், லாக் போன்றவற்றைத்தான் தரும். பேக்கேஜ் பொருளைத் தராது. மதிப்பு மட்டும் போதும் என்றால் அந்த வேரியபிளை ரீட்ஒன்லிவேரியபிள்ஸ் பட்டியலில் சேர்த்துப் படித்துவிடலாம். பட்டியலே வேண்டும் என்றால், ஸ்கிரிப்டுக்குள் மேலே சொன்ன அப்ளிகேஷன் பொருளை உருவாக்கி, அதே பேக்கேஜை இன்னொரு பிரதியாக லோட் செய்து பார்க்க வேண்டும். பேக்கேஜின் பாதையைச் சொல்லும் சிஸ்டம் வேரியபிள் எதுவும் கிடையாது, சிஸ்டம்::பேக்கேஜ்நேம் பெயரை மட்டும் தரும். ஆகவே பாதையை நீங்களே ஒரு வேரியபிளில் கொடுத்தாக வேண்டும். என்னைக் கேட்டால், இந்தச் சோதனையை வெளியே தனி நிரலாக வைப்பதே மேல்.

நிரல் வழியாக மாற்றுவது

கான்ஃபிகரேஷன்ஸ் தொகுப்பின் ஆட் மெத்தட் புதிய ஒன்றைத் தரும், ரிமூவ் நீக்கும். புதியதற்கு நேம், டைப், ஸ்ட்ரிங், தேவைப்பட்டால் பேக்கேஜ்பாத் கொடுத்து, எனேபிள்கான்ஃபிகரேஷன்ஸை ட்ரூ ஆக்கி, அப்ளிகேஷனின் சேவ்டுஎக்ஸ்எம்எல் வழியாகச் சேமிக்கலாம். நூறு பேக்கேஜ்களில் பழைய சர்வரின் பாதையை மாற்ற வேண்டுமென்றால் இது கை கொடுக்கும்.

ஆனால் சேமிப்பதில் ஒரு ஆபத்து உண்டு. லோட் ஆனபோதே கான்ஃபிகரேஷன் மதிப்புகள் பேக்கேஜுக்குள் வந்துவிட்டன அல்லவா? சேமிக்கும்போது அவைதான் புதிய டிசைன் நேர மதிப்புகளாகப் பதியும். ப்ரொடக்‌ஷன் கணினியில் இந்த நிரலை ஓட்டினால் ப்ரொடக்‌ஷன் மதிப்புகள் கோப்புக்குள் போய்விடும், அது சோர்ஸ் கன்ட்ரோலுக்கும் போகும். மாற்றும் வேலையைக் கான்ஃபிகரேஷன் எதுவும் இல்லாத கணினியில் செய்யுங்கள், அல்லது டி.டி.எஸ்.எக்ஸின் எக்ஸ்.எம்.எல்லையே நேரடியாகத் திருத்துங்கள்.

ஒரு முறை ஓடுவதற்கு மட்டும் மதிப்பை மாற்ற வேண்டுமா? அதற்குப் பேக்கேஜை ஓட்டும் டி.டி.எக்ஸெக் கட்டளையின் ஆப்ஷன்கள் இருக்கின்றன. ஆனால் 2008 முதல் அது செய்யும் வரிசையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் டிசைன் நேரக் கான்ஃபிகரேஷன்களை ஏற்றும், பிறகு கட்டளையில் நீங்கள் கொடுத்தவற்றை ஏற்றும், மறுபடியும் டிசைன் நேரக் கான்ஃபிகரேஷன்களை ஏற்றும், இறுதியாகத் தாய் வேரியபிள். ஆக, ஒரு ப்ராப்பர்ட்டிக்குப் பேக்கேஜிலேயே கான்ஃபிகரேஷன் இருந்தால், கட்டளையில் கான்ஃபிக்ஃபைல் ஆப்ஷன் வழியாக நீங்கள் கொடுத்த மதிப்பு மேலெழுதப்பட்டுவிடும்.

புதிய மாடல்: கேட்டலாக்

ப்ராஜெக்ட் மாடலில் வேலை சுலபம், பெரும்பாலும் வெறும் எஸ்.க்யூ.எல்தான். எஸ்.எஸ்.ஐ.எஸ்.டி.பி டேட்டாபேஸில் கேட்டலாக்.ஆப்ஜெக்ட்_பாராமீட்டர்ஸ் என்ற வியூவைக் கேளுங்கள். ஆப்ஜெக்ட்_டைப் 20 என்றால் ப்ராஜெக்ட் பாராமீட்டர், 30 என்றால் பேக்கேஜ் பாராமீட்டர். டிசைன் நேர மதிப்பும் சர்வரில் வைத்த மதிப்பும் தனித்தனிக் காலம்களில் இருக்கும்; மேலே எக்ஸ்.எம்.எல்லோடு மல்லுக்கட்டிய ஒப்பீடு இங்கே ஒரே வரியில் முடிந்துவிடும். வேல்யூ_டைப் காலத்தில் வி என்றால் நேரடி மதிப்பு, ஆர் என்றால் என்விரான்மென்ட் வேரியபிளைச் சுட்டுகிறது. எதைச் சுட்டுகிறது என்பது ரெஃபரன்ஸ்டு_வேரியபிள்_நேமில் இருக்கும். இந்த என்விரான்மென்ட் விண்டோஸுடையது அல்ல, கேட்டலாக்குக்குள் இருப்பது.

குறிப்பிட்ட ஒரு என்விரான்மென்ட்டோடு சேர்த்தால் கடைசியில் என்ன மதிப்பு வரும் என்று பார்க்க, கேட்டலாக்.கெட்_பாராமீட்டர்_வேல்யூஸ் என்ற ப்ரொசீஜருக்கு ஃபோல்டர், ப்ராஜெக்ட், பேக்கேஜ் பெயர்களோடு ரெஃபரன்ஸ் ஐடியையும் கொடுங்கள். சி ஷார்ப்பிலேயே செய்ய வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட்.எஸ்க்யூஎல்சர்வர்.மேனேஜ்மென்ட்.இன்டெக்ரேஷன்சர்வீசஸ் நேம்ஸ்பேஸில் கேட்டலாக், ஃபோல்டர், ப்ராஜெக்ட், பேக்கேஜ் என்று படிப்படியாக இறங்கிப் பாராமீட்டர்ஸ் தொகுப்பை அடையலாம்.

ஒரு முறை ஓட்டும்போது மட்டும் மதிப்பை மாற்ற, கிரியேட்_எக்ஸிக்யூஷன், பிறகு செட்_எக்ஸிக்யூஷன்_பாராமீட்டர்_வேல்யூ, பிறகு ஸ்டார்ட்_எக்ஸிக்யூஷன். நடுவில் உள்ளதற்கு ஆப்ஜெக்ட்_டைப் 50 கொடுத்தால் லாகிங் லெவல் போன்ற சிஸ்டம் அமைப்புகளையும் மாற்றலாம்.

பழைய மாடலின் பெரிய ஓட்டை இங்கே அடைபட்டிருக்கிறது: ரிக்வயர்டு என்று குறித்த பாராமீட்டருக்கு மதிப்பு தரப்படவில்லை என்றால் எக்ஸிக்யூஷன் தொடங்கவே தொடங்காது, பிழையுடன் நின்றுவிடும். ஆகவே சர்வர் பெயர், ஃபோல்டர் பாதை போன்றவற்றுக்கு டிசைன் நேர மதிப்பை நம்பாமல் ரிக்வயர்டை ட்ரூ ஆக்கிவிடுங்கள்.

சென்சிட்டிவ் என்று குறித்த பாராமீட்டரின் மதிப்பு வியூவில் நல் என்றே தெரியும். மதிப்பு வைக்கப்படவில்லை என்று அதை எடுத்துக்கொள்ளாமல் வேல்யூ_செட் காலத்தைப் பாருங்கள். வியூவில் ஒரு வரிகூட வரவில்லை என்றால் முதலில் அனுமதியைச் சோதியுங்கள். ப்ராஜெக்டின் மேல் ரீட் அனுமதி இல்லாதவருக்குக் கேட்டலாக் பிழை காட்டாது, வரிகளை மறைத்துவிடும். சோதனை நிரல் ஓடும் கணக்குக்கு அந்த அனுமதியைக் கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.